சாந்திக்கு ஒன்பதாவது இடம்

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஊருக்கே ஞாபகசக்தி சொல்லிக்கொடுக்கிற உனக்கா மறதி? கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்கள். நான் அடக்குவதில்லை, சிரித்துவிடுகிறேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் தன் வீட்டு ஆளைச் சீக்கிரம் டாக்டரிடம் கூட்டிப்போனால் எழுதியதற்குப் பலன் உண்டு.

மதுரை கே.கே. நகரில், அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் பொது அறிவு வகுப்பு எடுக்கிறேன். அதில் பாதி வேலை வரிசைகளை மனப்பாடம் செய்வது. தனிமங்கள், ஆறுகள், அரச வம்சங்கள் என்று எல்லாமே வரிசைதான். வரிசை மனதில் நிற்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. நம்மால் மறக்கவே முடியாத ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, புதிதாகப் படிப்பதை ஒவ்வொன்றாக அதில் மாட்டிவிடுவது. சிலர் வீட்டு அறைகளை வைத்துக்கொள்வார்கள், சிலர் பஸ் நிறுத்தங்களை. நான் வைத்துக்கொண்டது என் மகள் இலக்கியாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வரிசை.

நம் பக்கத்தில் இந்த வரிசையை மறந்துவிட்டு யாரும் நிம்மதியாக வாழ முடியாது. முதல் பத்திரிகை குலசாமிக்கு. இரண்டாவது தாய்மாமனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு. அப்புறம் என் வீட்டுக்காரரின் பெரியப்பா, சித்தப்பா என்று போகும். முன்னே பின்னே ஆனால் பந்தலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் தனிமங்களை இவர்களிடம் கொடுத்துவைத்தேன். குலசாமி கோயில் மணிக்குள்ளே ஹைட்ரஜன். ஹீலியம் பலூனைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் வேட்டியோடு மேலே போவார். பெரியப்பாவின் காது மெஷினில் லித்தியம் பேட்டரி. என் மாணவர்களுக்கு என் சொந்தபந்தம் மொத்தமும் அத்துப்படி. ஒருமுறை பஸ்ஸில் என் அண்ணனைப் பார்த்த மாணவி ஒருத்தி, "ஹீலியம் மாமாதான?" என்று கேட்டுவிட்டாள். அவர் இன்றுவரை அதற்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட எனக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர் பாண்டியராஜன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் காலையில் நான் எழுந்ததும், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேனாம். சொன்னாராம். திரும்பவும் அதையே கேட்டேனாம். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே காபி எங்கே என்றேனாம். அரைமணி நேரத்தில் தெளிந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சட்னி அரைக்கப் போய்விட்டேனாம். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் நம்பவில்லை. என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன்.

அது திரும்பத் திரும்ப நடந்தது. பெரும்பாலும் காலையில் கண் விழித்ததும் வரும். பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. இலக்கியா செல்போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கொடைக்கானல் ஏரிக்கரையில் நான் மக்காச்சோளம் தின்றுகொண்டு நிற்கிற படம் ஒன்று வந்தது.

"இது எப்ப எடுத்தது?" என்று கேட்டேன்.

"போன மே மாசம்மா. நம்ம எல்லாரும்தான போனோம்."

எனக்கு அப்படி ஒரு மே மாதமே இல்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் கடையைத் திறக்கவில்லை.

இலக்கியாவுக்கு அப்போது ஆறாம் மாதம். மருமகனின் ஊரான திருவாதவூரில் வளைகாப்பு வைப்பதாகப் பேச்சு. மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஆட்டோவில் எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. பேரப்பிள்ளை பிறந்து, அதை நான் கையில் வாங்கி, அந்த நாளும் கொடைக்கானல் மாதிரி போட்டோவில் மட்டும் இருந்துவிட்டால்? செத்துப்போவதைவிட அது மோசம் என்று தோன்றியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று.

மருத்துவமனை ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் அவர்கள் நம்பரை நானே ஞாபகப்படுத்தினேன். தொழில் புத்தி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார். என்னை அட்மிட் செய்து ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு, விட்டமின், உப்புச்சத்து எல்லாம் பார்த்தார்கள். இவற்றில் எது குறைந்தாலும் மறதி வருமாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அது மூளையைக் காந்தத்தால் படம் பிடிக்கிற மெஷின். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அசையக் கூடாது என்பார்கள். வலி கிடையாது, சத்தம்தான். மாடி வீடு கட்டுகிற இடத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பிறகு தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்அலைகளை வரைந்து பார்த்தார்கள். அதற்கு ஈ.ஈ.ஜி. என்று பெயர். கொஞ்ச நேரம்தான் எடுத்தார்கள். எல்லாமே சரியாக இருந்தது.

கடைசியாக ஞாபகப் பரிசோதனை. ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்டார். குடை, எலுமிச்சம்பழம், ரயில், நாற்காலி, ஊசி. வரிசையாகச் சொன்னேன். பின்னாலிருந்தும் சொன்னேன். வேறு ஐந்து கொடுத்தாலும் சொல்வேன் என்றேன். கொடுத்தார், சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. படிவத்தில் என் தொழிலை 'டீச்சர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். என்ன டீச்சர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மாலை நரம்பியல் டாக்டர் வந்தார். நடுத்தர வயது, அளந்து பேசுகிறவர். "ரிசல்ட் எல்லாம் நல்லா இருக்கும்மா. உங்க வயசுக்கு இம்புட்டு ஞாபகம் இருக்குறதே பெரிய விஷயம். மக மாசமா இருக்காங்க, தூக்கம் இல்ல, டென்ஷன். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்," என்றார். எனக்கு மாநிலத்தில் முதல் மார்க் வாங்கின மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"மார்க் வாங்கவா கலா இங்க வந்தோம்?" என்றார்.

மறுநாள் காலை என் நாத்தனார் சாந்தி வந்தாள். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, எனக்குப் பிடிக்கும் என்று குழிப்பணியாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். என் வீட்டுக்காரருக்குத் தங்கை, இலக்கியாவுக்கு ஒரே அத்தை. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு மதினி?"

"நூத்துக்கு நூறு," என்றேன்.

"அம்புட்டு வார்த்தையையும் எப்படி ஞாபகம் வச்சீங்க?"

பணியாரத்தைத் தின்றுகொண்டே விளக்கினேன். குலசாமிக்குக் குடை பிடித்தேன், அண்ணன் வாயில் எலுமிச்சம்பழத்தை வைத்தேன், பெரியப்பாவை ரயில் ஓட்டவிட்டேன், சித்தப்பா தலையில் நாற்காலி, அவர் மகன் கையில் ஊசி. சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கையில என்னத்தக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"உன் வரைக்கும் சொல்லு வரலையே. அஞ்சுதான."

"அஞ்சுக்குள்ள நான் இல்லையா?"

"நீ ஒன்பதாவது," என்றேன், வகுப்பில் சொல்கிற மாதிரியே. "ஒன்பதாவது ஃப்ளூரின். பல்லு விளக்குற பேஸ்ட்டோட வந்து கதவத் தொறப்ப. என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாத்துக்கும் உன்னையத் தெரியும்."

சாந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது. பத்திரிகை வைக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் தாம்பாளத்தை நீட்டும்போது, "மாமனுக்கு அடுத்து உங்க வீட்டுக்குத்தான் வாரோம்" என்று சொல்வது வழக்கம். எல்லோரும் சொல்வதுதான். கேட்கிறவர்களும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். நாகமலை புதுக்கோட்டை ஊருக்கு மேற்கே ஒரு கோடியில் இருப்பதால், அன்றைக்குச் சாந்தி வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். அவளிடமும் அதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறோம். அவள் உண்மையாகவே நம்பியிருக்கிறாள்.

"மாமனுக்கு அடுத்து நாந்தான்னு சொன்னீங்களே மதினி. அதுக்காக முந்திரியெல்லாம் போட்டுக் கேசரி கிண்டி வச்சிருந்தேன். நீங்ககூட ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னீங்க. ஒன்பதாவதா வந்ததுக்கா நான் கேசரி கிண்டுனேன்?"

"கேசரியா?" என்றேன். "எனக்கு ஞாபகம் இல்லையே சாந்தி."

நான் உண்மையைத்தான் சொன்னேன். அவளுக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல ஆகிவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டாள். கதவு திறந்திருந்ததால், தாழ்வாரத்தில் அவள் அண்ணனை வாங்கு வாங்கு என்று வாங்குவது முழுக்கக் கேட்டது. அந்த நேரம் பார்த்து டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சாந்தி அவரை மடக்கிவிட்டாள்.

"சார், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. அத்தைக்காரிய ஒன்பதாவதா வைக்கலாமா?"

"நான் நரம்பு டாக்டர்மா," என்றார் அவர்.

"அது இருக்கட்டும் சார். உங்க வீட்டுக் கல்யாணத்துல அத்தைக்கு எத்தனாவது பத்திரிகை?"

டாக்டர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். "மூணாவது," என்றார்.

"கேட்டுக்கங்கண்ணே. இதுல, நான் ஒன்பதாவதுங்குறது மட்டும் மதினிக்கு நல்லா ஞாபகம் இருக்காம். நான் கிண்டிக் குடுத்த கேசரி ஞாபகம் இல்லையாம்."

டாக்டர் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார், என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். வகுப்பு, உத்தி, ஹீலியம் மாமா எல்லாம் வெளியே வந்திருக்கும். பிறகு மூவரும் உள்ளே வந்தார்கள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமில்லாத குரலில், "உங்க பொண்ணு கல்யாணத்தப் பத்திச் சொல்லுங்கம்மா," என்றார்.

சொன்னேன். பந்தக்கால் ஊன்றியது, நலுங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், தாலி, பால்பழம், மறுவீடு. ஒன்றுகூட விடவில்லை.

"இதெல்லாம் என் கல்யாணத்துலயும் நடந்துச்சு," என்றார் டாக்டர். "உங்க பொண்ணு கல்யாணத்துல மட்டும் நடந்தது ஒண்ணு சொல்லுங்க."

தேடிப் பார்த்தேன். பட்டியல் இருந்தது, ஆனால் பட்டியலுக்குள்ளே யாருமே இல்லை. என் மகள் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சாந்திதான் முதலில் பேசினாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "மதினி, அன்னைக்கு மழை கொட்டுச்சே. தாலி கட்டுறப்ப பந்தல் ஒழுகுச்சே. நீங்க தாம்பாளத்தக் கவுத்து மாப்ள தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. கூட்டமே சிரிச்சுச்சே."

எனக்கு மழை ஞாபகம் இல்லை. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் மட்டும் தெம்பாகிவிட்டார். "பரிட்சையில பாஸ் பண்ணது நீங்க இல்லம்மா. உங்க டெக்னிக். நல்ல காலம், இன்னைக்கே தெரிஞ்சுச்சு," என்றவர் சாந்தியைப் பார்த்து, "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றார். வீட்டுக்குப் போகச் சொன்னது ரத்தாயிற்று.

அதன் பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டுவதுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லாத வலிப்பும் உண்டு. நடந்ததைச் சேர்த்து வைக்கிற இடம் மூளையில் காதுக்கு நேர் உள்ளே இருக்கிறது. அங்கே மட்டும் சின்னதாக மின்சாரம் தாறுமாறாக ஓடினால், உடம்பு ஆடாது, ஆள் பேசிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் நடப்பது எதுவும் பதியாது. ஏற்கெனவே பதிந்ததும் சில வாரங்களில் கரைந்துபோகும். பெரும்பாலும் தூங்கி விழிக்கும்போது வருவதால், பகலில் கொஞ்ச நேரம் எடுக்கிற ஈ.ஈ.ஜி.யில் மாட்டாமல் போய்விடலாம். சாதாரண ஞாபகப் பரிசோதனையிலும் பலர் தப்பிவிடுவார்களாம். நான் உத்தி வேறு வைத்திருந்தேன்.

அதனால் தலை முழுக்க ஒயரை ஒட்டித் தூங்கவைத்தார்கள். பசையும் துணிக்கட்டுமாக நான் எப்படி இருந்தேன் என்று இலக்கியா படம் எடுத்து வைத்திருக்கிறாள், காட்டமாட்டேன். காலையில் விழித்ததும் எனக்கு அது வந்தது. என் வீட்டுக்காரரிடம் என்ன கிழமை, என்ன கிழமை என்று கேட்டேனாம். அவர் ஒவ்வொரு முறையும் சலிக்காமல், புதிதாகச் சொல்கிற மாதிரியே, "வியாழக்கிழமைம்மா" என்றாராம். நர்ஸ் சொன்னார். மெஷின் தாளில், காதுக்கு உள்ளே இருக்கிற அந்த இடத்தைக் காட்டுகிற கோடுகளில் சின்னச் சின்னப் பொறிகள் விழுந்திருந்தன. நோய் பிடிபட்டுவிட்டது. மாத்திரைக்கு நன்றாகக் கேட்கிற நோய் என்றார் டாக்டர். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். வலிப்பு என்று சொன்னதும் சிரித்த குடும்பத்தை அந்த வார்டு பார்த்திருக்காது.

ஆனால் வலிப்பு என்ற சொல் சாந்தி காதில் விழுந்ததும், தன் வீட்டிலிருந்த சாவியை எல்லாம் ஒரு கொத்தாகக் கட்டிக்கொண்டு வந்து என் தலையணைக்கடியில் வைத்துவிட்டாள். பீரோ சாவி, கேட் சாவி, பழைய சைக்கிள் பூட்டுச் சாவி. இரும்பால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வலிப்பு வந்தவர் கையில் எதையும் திணிக்கக் கூடாது என்று நர்ஸ் எடுத்துச் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் சாயங்காலம் பீரோவைத் திறக்க முடியாமல் போனதும்தான் அதை வந்து எடுத்துப்போனாள். இன்னும் கோபம் போகவில்லை என்று காட்டுவதற்காக என்னோடு பேசவில்லை. பணியாரம் மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் இன்சூரன்ஸ் ஒப்புதல் வருகிறது, வருகிறது என்று பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். அது வராமல் போனால் என்ன செய்வதென்று என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் கணக்குப் போட, அண்ணன் இன்னொரு பக்கம் வந்து நின்று, "நான் இருக்கேன்ல மாப்ள," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்துவிட்டது. அதற்குள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் தின்று முடித்திருந்தோம்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு காலையில் அந்தத் தடுமாற்றம் வரவே இல்லை. இழந்தது திரும்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். யாரோ ஒருத்தி தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல மனுஷி என்று தோன்றியது. கொஞ்சம் அழுதேன். அப்புறம் இலக்கியாவும் நானும் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சிரித்தோம்.

வளைகாப்புக்கு அழைக்கக் கிளம்பியபோது, உண்மையாகவே முதலில் நாகமலை புதுக்கோட்டைக்குத்தான் போனோம். அண்ணனிடம் முன்னாலேயே அனுமதி வாங்கிவிட்டேன். தாம்பாளத்தை நீட்டி, "சத்தியமா உன் வீட்டுக்குத்தான் முதல்ல வாரோம் சாந்தி," என்றேன்.

"எல்லா வீட்டுலயும் இதத்தான சொல்லுவீங்க," என்று சொல்லிக்கொண்டே தட்டை வாங்கினாள்.

வளைகாப்பு முடிந்து சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் சொற்பட்டியல் எதையும் எடுக்கவில்லை. "வளைகாப்பு எப்படி நடந்துச்சு?" என்றார். நான் எதையும் யாரிடமும் கொடுத்துவைத்திருக்கவில்லை. மனதைக் கட்டிப்போட்டு, உத்தி இல்லாமல்தான் அந்த நாளைக் கழித்திருந்தேன்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் புளியோதரையில் ஆரம்பித்தேன். அதில் உப்பு இல்லை. அப்புறம் சம்பந்தி வீட்டுக் கன்றுக்குட்டி பந்தலுக்குள் வந்து வாழைக்கன்றைக் கடித்தது. அதற்கு முன்னால், இல்லை, பின்னால்தான், சாந்தி பாட்டுப் பாடுகிறேன் என்று பாதியில் மறந்து நின்றாள். இலக்கியாவுக்கு மாம்பழ நிறப் பட்டுச்சேலை. சந்தனம் பூசும்போது கூச்சத்தில் நெளிந்தாள். முன்னும் பின்னுமாக, ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டு வந்தது. பேசிக்கொண்டே இருந்தேன்.

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க சார். அவளும் நானும் மட்டும் இருந்தோம். 'அம்மா, கையக் குடு'ன்னு சொல்லி என் கைய இழுத்து வயித்துல வச்சா. உள்ள இருந்து ஒரு உதை. கை நெறய வளையலு, அது குலுங்குச்சு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே கலா?" என்றார்.

சொல்லவில்லைதான். எனக்கும் இது யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.